பத்து நாற்பத்திரண்டுக்கு ஒரு கையெழுத்து

4

"சும்மா சொல்லக்கூடாது மேடம், இதைவிட அழகான ஒப்பந்தத்தை நான் பார்த்ததே இல்லை," என்றான் மார்க்கஸ்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த அழகான ஒப்பந்தத்தால் வீட்டை இழக்கப்போகிற கமலேஸ்வரி இரண்டடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து, அதையும் யாராவது எழுதி வாங்கிவிடுவார்களோ என்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அஜந்தா துப்பறியும் நிலையம்" என்று விசிட்டிங் கார்டில் கம்பீரமாக அச்சடித்திருந்தாலும், நிலையம் இருந்தது ஒஸ்லோவின் ரொம்மனில், பூமணியின் தையல் கடைக்குப் பின்னால், துணி போட்டுப் பார்க்கிற திரைக்கும் கழிவறைக்கும் நடுவில். வாடகை குறைவு. ரகசியமும் குறைவு. திரைக்கு அந்தப் பக்கம் பூமணி யாரிடமோ "கை இன்னும் இறுக்கோணுமோ?" என்று கேட்பது இங்கே தெளிவாகக் கேட்கும். இங்கே பேசுவது அங்கே அதைவிடத் தெளிவாகக் கேட்கும்.

அஜந்தா யாழ்ப்பாணத்துக்காரர். ஒஸ்லோ பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நாளுக்கு முப்பது பொய் கேட்டுச் சம்பளம் வாங்கியவர், முழங்கால் தேய்ந்ததும் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கினார். மார்க்கஸ் தூத்துக்குடிக்காரன். ஐ.டி. வேலைக்கு நோர்வே வந்து, ஆட்குறைப்பில் முதல் ஆளாகக் குறைக்கப்பட்டவன். "அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று உதவியாளராக ஒட்டிக்கொண்டு பதினாலு மாதம் ஆகிறது. வயது முப்பத்தெட்டு, வாய் மட்டும் இன்னும் ப்ளஸ் டூ.

"கமலேஸ்வரி, மார்க்கஸின்ரை கதையை விடுங்கோ. நீங்கள் இதிலை கையெழுத்து வைச்சது எப்ப?" என்றார் அஜந்தா.

"மூண்டு மாசம் இருக்கும். என்ரை மனுசன் வந்து, காருக்கு இன்சூரன்ஸ் மாத்திறன், இதிலை ஒரு கையெழுத்து வையும் எண்டார். நான் அடுப்பிலை குழம்பை விட்டிட்டு வந்து, ஈரக்கையோடை வைச்சிட்டுப் போனனான். கடைசிப் பக்கம் மட்டும்தான் கண்டனான்."

"பேப்பரிலை மூண்டு வருஷத்துக்கு முந்தின திகதி கிடக்குது."

"அதைத்தானே நானும் பாத்து நெஞ்சு வெடிச்சுப் போய் இருக்கிறன்."

விஷயம் இதுதான். கல்யாணமான பிறகு புருஷனும் பெண்சாதியும், எந்தச் சொத்து யாருடையது என்று எழுதி வைக்கிற ஒப்பந்தத்துக்கு நோர்வேயில் எக்தபக்ட் என்று பெயர். கமலேஸ்வரியின் கணவர் ஞானசேகரம், ஐம்பத்தெட்டு வயதில், வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் ஒரு புதுவாழ்க்கையைக் கண்டுபிடித்திருந்தார். புதுவாழ்க்கைக்கு வயது நாற்பத்திரண்டு என்று கேள்வி. பிரிந்து போகலாம் என்று சொன்ன கையோடு, ரொம்மன் வீடு முழுவதும் தன் தனிச்சொத்து என்று சொல்லும் ஒரு எக்தபக்டையும் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்திமூன்று வருஷம் பெரிய பெரிய சட்டிகளைத் தூக்கி, வீட்டுக்கடனில் பாதியைக் கட்டியவர் கமலேஸ்வரி. அந்த வீட்டில் அவருக்கு இப்போது கதவு மணி அடிக்கிற உரிமைகூட இல்லை.

"நான் ஒரு மணித்தியாலம் ஒரு வக்கீலிட்டைப் போய்க் கதைச்சனான். அந்தப் பிள்ளை சொன்னா, கையெழுத்து உங்கடைதான், அதை ஒண்டும் செய்யேலாது. ஆனால் ரெண்டு சாட்சியும் ஒண்டாய் நிண்டு, உங்கள் ரெண்டு பேருக்கும் முன்னாலை வைச்சிருக்கோணும். அப்படி நிக்கேல்லை எண்டு காட்டினா இந்தப் பேப்பர் செத்துப்போகும் எண்டு. வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு என்ரை மனுசன்ரை வக்கீலிட்டை வரச்சொல்லியிருக்கு. அங்கை பாகப்பிரிவினைக்குக் கையெழுத்து வைக்கோணுமாம்." கமலேஸ்வரி கைப்பையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டார். "அஜந்தா, எனக்கு வேறை போக்கிடம் இல்லை. அந்த வீடுதான்."

அன்றைக்குச் செவ்வாய்.

அஜந்தா சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். நான்கு கையெழுத்து. கணவன், மனைவி, சாட்சிகளாக, ஞானசேகரத்தின் கூட்டாளி ரிஷிகேசன், அவர் மனைவி தக்சிலா. அரசாங்கப் பதிவேட்டில் பதியவில்லை. பதிந்திருந்தால் அரசாங்கமே ஒரு தேதி போட்டிருக்கும். பதியாதபடியால் இவர்கள் போட்டதுதான் தேதி.

"மார்க்கஸ், நீர் கடைசியா எதிலை கையெழுத்து வைச்சனீர்?"

"என்னை வேலையை விட்டுத் தூக்கினாங்களே, அந்தப் பேப்பர்ல."

"திகதி போட்டனீரோ?"

"போட்டேன்."

"நேரம்?"

"நேரம் எதுக்கு மேடம்? என் மானம் எத்தனை மணிக்குக் கப்பலேறிச்சுன்னு கூடவா எழுதிக் கொடுக்கணும்?"

"இஞ்சை பாரும்."

மார்க்கஸ் குனிந்து பார்த்தான். ஒஸ்லோ என்று இடம், ஞாயிற்றுக்கிழமைத் தேதி ஒன்று, அதற்குப் பக்கத்தில் சின்னதாக, அழகாக, 10.42.

"பத்தரை இல்லை, பத்தே முக்கால் இல்லை. பத்து நாற்பத்திரண்டு! கையெழுத்துப் போட்டாங்களா, ராக்கெட் விட்டாங்களா?"

"டிக்கெட் வாங்கினவனைக் கேட்டா, எப்ப வாங்கினதெண்டு தலையைச் சொறிவான். வாங்காதவன்தான் நிமிஷக் கணக்காச் சொல்லுவான்," என்றார் அஜந்தா. "கோட்டை எடும். சாட்சிகளைப் பாக்க ஸ்ட்ரோம்மனுக்குப் போவம்."

*

ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு காப்பிக்கடை. ரிஷிகேசன் கேக்கும் தானுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தக்சிலா, சீனி போடாத காப்பியைக் கரண்டியால் விடாமல் கலக்கிக்கொண்டிருந்தார்.

"கமலேஸ்வரிக்குக் கொஞ்சம் மறதி," என்றார் அஜந்தா பவ்வியமாக. "கையெழுத்து வைச்சது எங்கையெண்டு ஒருக்கா ஞாபகப்படுத்தினீங்களெண்டா மனுசிக்கு மனம் ஆறும்."

"ரொம்மன் வீட்டிலை, நீலச் சோபாவிலை, காலமை பத்து நாப்பத்திரண்டுக்கு," என்றார் ரிஷிகேசன், கேக் வாயோடு.

"தக்சிலா?"

"ரொம்மன் வீட்டிலை, நீலச் சோபாவிலை, காலமை பத்து நாப்பத்திரண்டுக்கு," என்றார் தக்சிலா.

மார்க்கஸ் குனிந்து நோட்டில் எழுதுவது போல வாயைப் பொத்திக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பித்த பிள்ளைகள்கூட நடுவில் மூச்சு வாங்கும்.

"மூண்டு வருஷம் கழிச்சும் நிமிஷம் மறக்கேல்லை. கெட்டிக்காரர்," என்று அஜந்தா சிலாகித்தார். "ஞாயிற்றுக்கிழமை காலமை எல்லாரும் நித்திரை கொள்ளுற நேரம். ஏன் அப்ப போய் வைச்சனீங்கள்?"

"அது வலு நல்ல நாள் எல்லோ! ஞானண்ணை கலண்டரைப் பாத்து..."

மேசைக்கடியில் ஒரு கால் இன்னொரு காலை உதைத்த சத்தம் கேட்டது. ரிஷிகேசன் மீதி வாக்கியத்தைக் கேக்கோடு சேர்த்து விழுங்கினார்.

"கலண்டரைப் பாத்து என்ன?" என்றான் மார்க்கஸ்.

"ஒண்டுமில்லை. தம்பி இந்தியாவோ?" என்றார் ரிஷிகேசன். "எந்தப் படம் இப்ப நல்லா ஓடுது?"

திரும்பி வருகிற ரயிலில் அஜந்தா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த நோர்வேஜியக் கிழவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

"மேடம், ஜோக்கைச் சொன்னா நானும் சிரிப்பேன்."

"ஞானசேகரம் போன மூண்டு வருஷத்திலை எந்த நாளை வேணுமெண்டாலும் எழுதியிருக்கலாம். ஆயிரத்துச் சொச்சம் நாள் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரத்தை எழுதியிருந்தா உலகத்திலை ஒருத்தரும் ஒண்டும் கேட்டிரார். ஆனால் மனுசனுக்குப் பயம். வீடு எடுக்கிறது பெரிய அலுவல். கூடாத நாளிலை எடுத்தா வீடு தங்காதெல்லோ? கலண்டரைப் பிரட்டி, சுபமுகூர்த்த நாளாய்ப் பாத்து, நேரத்தையும் பாத்து எழுதியிருக்கிறார்."

"அடப்பாவி! ஃபோர்ஜரிக்கு முகூர்த்தமா?"

"உங்கடை ஊரிலை பாக்க மாட்டினமோ?"

"எங்க ஊர்லயும் பார்ப்பாங்க மேடம், பொய் சொல்ல விரும்பல. ஆனா நிமிஷத்தை ஸ்டாம்பு பேப்பர்ல எழுத மாட்டாங்க. அந்த அளவுக்கு வெவரம் உண்டு."

"சரி, இப்ப சொல்லும். ஆவணி மாசம், ஞாயிற்றுக்கிழமை, அருமையான முகூர்த்தம். அண்டைக்கு ஒஸ்லோவிலை இருக்கிற தமிழ்ச்சனம் என்ன செய்யும்?"

மார்க்கஸ் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். "கல்யாணம்! எல்லாரும் அதே காலண்டரைத்தானே பார்ப்பாங்க!"

"ஆரின்ரை கலியாணம்?"

அதற்கு இன்டர்நெட் வேண்டியிருக்கவில்லை. தையல் கடையில் பூமணியிடம் பழைய கொப்பிகள் இருந்தன. யார், எந்தக் கல்யாணத்துக்கு, என்ன கலர் பிளவுஸ், என்றைக்குள் வேண்டும் என்று எல்லாம் எழுதிவைப்பது பூமணியின் வழக்கம். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பேர் ஒரே டிசைன் கேட்டு, பிறகு கடைக்குள் நின்று சண்டை பிடித்ததில் ஏற்பட்ட வழக்கம். அவர் கொப்பியைப் புரட்டிக்கொண்டே, "நீங்கள் பின்னாலை கதைக்கேக்கையே நான் எடுத்து வைச்சிட்டன்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினொரு பிளவுஸ். எல்லாம் பிலேந்திரனுடைய மகளின் கல்யாணத்துக்கு. நான்காவது வரி: தக்சிலா, மாம்பழக் கலர், பின்கழுத்து இறக்கம், அவசரம். ஏழாவது வரி: கமலேஸ்வரி, கத்தரிப்பூக் கலர், கை நீளம்.

"கமலா அக்காவும் போயிருக்காங்களே! அவங்களுக்கே ஞாபகம் இல்லையா?"

"கோடை காலத்திலை கிழமைக்கு ஒரு கலியாணத்துக்குப் போற சனத்துக்கு எந்தத் திகதி எண்டு ஞாபகம் நிக்கும்?" என்றார் பூமணி. "எனக்குப் பிளவுஸ் ஞாபகம். அவ்வளவுதான்."

*

பிலேந்திரன் தங்கமான மனிதர். கேட்டதும் அழைப்பிதழைக் கொடுத்தார். சுபமுகூர்த்தம் காலை 10.42 முதல் 11.48 வரை என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. பிறகு வீடியோவையும் கொடுத்தார். ஐந்து மணி நாற்பது நிமிஷம்.

"சுருக்கின பதிப்புத்தான்," என்றார் வருத்தத்தோடு. "முழுசும் வேணுமெண்டா எடுத்துத் தாறன்."

"ஐயோ வேண்டாம் சார்," என்றான் மார்க்கஸ், ஏறக்குறைய அழுதுகொண்டு.

புதன்கிழமை காலை எட்டரைக்கு அவனை மடிக்கணினிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு அஜந்தா பூமணியோடு தேத்தண்ணி குடிக்கப் போனார். மார்க்கஸ் பார்த்தான். ட்ரோன் பறந்தது. மணமகள் ஒரு வளையலை மாட்ட மூன்று நிமிஷம் எடுத்தார், ஸ்லோ மோஷனில். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பாலத்தின் மேல் காரணமில்லாமல் நடந்தார். ட்ரோன் மறுபடியும் பறந்தது. கல்யாணமான புதிதில் தன் மனைவி இதைப் போல ஒரு வீடியோ கேட்டதும், தான் மறுத்ததும் மார்க்கஸுக்கு ஞாபகம் வந்தது. பதினோரு வருஷத்தில் அவன் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

பத்தே முக்காலுக்கு அவன் போட்ட கூச்சலில் தையல் மெஷின் நின்றது.

கல்யாணம் நடந்தது ஒரு கைப்பந்து விளையாட்டு மண்டபத்தில். மணவறை, தென்னோலைத் தோரணம், குத்துவிளக்கு எல்லாம் குறைவில்லாமல் இருந்தது. ஆனால் மணவறைக்கு மேலே சுவரில் இருந்த ஸ்கோர் போர்டை அணைக்க ஒருவரும் நினைக்கவில்லை. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, அவர் தலைக்கு மேல் உள்ளூர் அணி பூச்சியம், வெளியூர் அணி பூச்சியம் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. நடுவில் பெரிய எழுத்தில் கடிகாரம்.

10.42.

அதற்குக் கீழே கமலேஸ்வரி, கத்தரிப்பூக் கலர் பிளவுஸில், தாலி வைத்த தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சபையிடம் ஆசீர்வாதம் வாங்க வந்துகொண்டிருந்தார். முதல் வரிசையில் ரிஷிகேசன் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்தில் தக்சிலா, மாம்பழக் கலர், பின்கழுத்து இறக்கம். மூன்றாவது வரிசையில் ஞானசேகரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

"நாலு பேரும் ஒரே ஃப்ரேம்ல! மேடம், கேஸ் முடிஞ்சுது!"

அஜந்தா சிரிக்கவில்லை. "நாலு பேரும் ஒரே மண்டபத்திலை," என்றார் மெதுவாக. "அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

*

வியாழக்கிழமை இரண்டு மணி. ஞானசேகரத்தின் வக்கீல் தோர்கிலின் அலுவலகத்தில் மேசை, நாற்காலி, சுவர், தோர்கில் எல்லாமே ஒரே வெளிர் சாம்பல் நிறம். மேசை நடுவில் ஒரு தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது.

"மொழிபெயர்ப்பாளரை நான்தான் கேட்டு எடுத்தனான்," என்றார் ஞானசேகரம் பெருமையாக. புதுச்சட்டை, தலைக்குப் புதுக்கறுப்பு. இரண்டு சாட்சிகளையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். "நாளைக்குக் கமலா தனக்கு விளங்கேல்லை எண்டு சொல்லப்படாது பாருங்கோ."

தொலைபேசிக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல், உணர்ச்சி என்பதே இல்லாமல், தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் விதியைச் சொன்னது. அறையில் பேசப்படும் எல்லாவற்றையும் நான் மொழிபெயர்ப்பேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

அஜந்தா தோர்கிலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சாட்சிகள் இரண்டு பேரும் ஒன்றாக அங்கே நிற்காவிட்டால் என்ன ஆகும்?

"அப்படியென்றால் இது எக்தபக்ட் இல்லை. வெறும் காகிதம்," என்றார் தோர்கில். முகத்தில் ஒரு சின்ன எரிச்சல். "ஆனால் சாட்சிகள் நின்றதாகச் சொல்கிறார்களே?"

"எங்கை நிண்டனீங்கள்?" அஜந்தா ரிஷிகேசனைப் பார்த்தார்.

"ரொம்மன் வீட்டிலை, நீலச் சோபாவிலை..."

அஜந்தா அழைப்பிதழை மேசையில் வைத்தார். பொன் எழுத்து பளபளத்தது. ரிஷிகேசன் அதை வாசித்தார். வேப்பிலையைக் கடித்தவர் போல முகம் போயிற்று. தக்சிலா அதை வாசிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

ஞானசேகரத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. பத்து செகண்டில் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓமோம்! அது கலியாண மண்டபத்திலைதான் வைச்சது. ரிஷி வீடெண்டு மாறிச் சொல்லிப்போட்டான். நாலு பேரும் அங்கைதானே நிண்டனாங்கள்? பிலேந்திரனைக் கேளுங்கோ. வீடியோவும் இருக்கும், போட்டுப் பாருங்கோ!"

தொலைபேசி மொழிபெயர்த்தது. தோர்கில் கமலேஸ்வரி பக்கம் திரும்பினார். "அன்றைக்கு நீங்கள் அந்த மண்டபத்தில் இருந்தீர்களா?"

கமலேஸ்வரி அஜந்தாவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "ஓம்," என்றார்.

மார்க்கஸ் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பார்த்த வீடியோ, இப்போது எதிராளியின் வீடியோ. செத்த பேப்பர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டது.

"மண்டபத்திலை எத்தினை மணிக்கு?" என்றார் அஜந்தா.

"அதிலை எழுதியிருக்கெல்லோ. பத்து நாப்பத்திரண்டு."

"சரியா?"

"நான் நேரம் பிசகிறேல்லை."

அஜந்தா தலையை அசைத்தார். மார்க்கஸ் மடிக்கணினியைத் தோர்கில் பக்கம் திருப்பினான். ஸ்கோர் போர்ட், பூச்சியம், பூச்சியம், 10.42. தாம்பாளத்தோடு கமலேஸ்வரி நடந்து வந்தார். ரிஷிகேசன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஞானசேகரம் தூங்கினார்.

"அக்காவுக்கு ரெண்டு கையிலயும் தாம்பாளம்," என்றான் மார்க்கஸ். "பேனாவைப் பல்லுல கடிச்சா சைன் பண்ணாங்க? சார் வேற தூக்கத்துல இருக்கார். தூக்கத்துல எழுதற பழக்கம் உண்டா?"

தொலைபேசி அதையும் அப்படியே மொழிபெயர்த்தது. தோர்கில் இருமினார். பிறகு திரையை ஒரு தடவை, பேப்பரை ஒரு தடவை பார்த்தார்.

"நேரம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம்," என்றார் ஞானசேகரம். நெற்றியில் சாயம் கரைந்து ஒரு கோடு இறங்கியது. "சாப்பிட்ட பிறகு வைச்சிருப்பம். நேரம் பிழைச்சா வீடு பிழைச்சுப் போமோ?"

"உண்மைதான்," என்றார் தோர்கில் தயக்கத்தோடு. "நேரத்தைத் தவறாக எழுதியதால் மட்டும் ஒரு ஒப்பந்தம் செல்லாமல் போகாது. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான்."

கமலேஸ்வரி கைப்பையை இறுக்கிப் பிடித்தார். அஜந்தா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். மார்க்கஸுக்கு ஆத்திரமாக வந்தது. ஏதாவது சொல்லுங்க மேடம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவர் துடைத்துக்கொண்டே தக்சிலாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் இல்லாத பெட்டியில் யார் முதலில் எழுந்து கதவுப் பக்கம் போவார்கள் என்று பார்த்துப் பழகிய கண்.

தக்சிலாவால் பொறுக்க முடியவில்லை. புருஷன் காதுப் பக்கம் குனிந்தார். குசுகுசுப்புத்தான். ஆனால் தொலைபேசி அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அறையில் அந்தக் குரல், வானிலை அறிக்கை வாசிப்பது போல, சுத்தமான நோர்வேஜிய மொழியில் தொடங்கியது.

"'அது பிலேந்திரன் அண்ணனுடைய மகளின் கல்யாண நாள், வேறு நாள் போடுங்கள் என்று நான் அன்றைக்கே தலைதலையாக அடித்துக்கொண்டேன். நல்ல நாள், நல்ல நாள் என்று இந்த ஞான அண்ணன் கேட்கவில்லை. நாங்கள் போன மாதம் எங்கள் சமையலறையில் வைத்துப் போட்ட கையெழுத்து. கமலா அக்கா அங்கே இல்லவே இல்லை. இப்போது நாங்கள் சிறைக்குப் போவோமா?'"

தோர்கிலின் பேனா நின்றது.

"வாயை மூடு!" என்றார் ரிஷிகேசன்.

"'வாயை மூடு,'" என்றது தொலைபேசி.

"அந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ!" ஞானசேகரம் பாய்ந்து எழுந்தார்.

"'அந்தச் சனியனை நிறுத்துங்கள்,'" என்றது தொலைபேசி, கொஞ்சமும் மனவருத்தமில்லாமல். பிறகு, "மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: சனியன் என்பது இங்கே நான் என்று நினைக்கிறேன்."

மார்க்கஸ் மேசைக்கடியில் விழுந்த எதையோ தேடுவது போலக் குனிந்து, வெகுநேரம் தேடினான். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

தோர்கில் ஒப்பந்தத்தை இரண்டு விரலால் தூக்கித் தனியே ஓர் உறைக்குள் வைத்தார். இனி இதை வைத்துக்கொண்டு தான் வாதாட முடியாது என்றார். வீடு இருவருக்கும் பாதிப் பாதி. சாட்சிகள் உடனே ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது, ஆனால் தன்னை அல்ல. பேசி முடித்ததும் தொலைபேசியை அணைக்கக் கையை நீட்டினார்.

ஞானசேகரத்தின் குரல் சட்டென்று குழைந்தது. கமலேஸ்வரிக்கு அந்தக் குரலைக் கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும். முகத்தில் தெரிந்தது.

"இஞ்சாரும் கமலா. நடந்தது நடந்துபோச்சு. வீட்டை போய் ஆறுதலா இருந்து கதைப்பம். நீர் சொல்லுறதை நான் கேக்கிறன்."

"வக்கீலையா, பொறுங்கோ," என்றார் கமலேஸ்வரி. இதுவரை யாரும் கேட்டிராத குரல். "அதை நிப்பாட்டாதேங்கோ. அந்தத் தம்பி இருக்கட்டும்."

தோர்கில் கையை எடுத்துக்கொண்டார்.

"இருபத்தேழு வருஷம் இவருக்குத் தமிழிலை சொன்னனான். ஒரு நாளும் விளங்கேல்லை. இண்டைக்கு நோர்ஸ்கிலை சொன்னா விளங்குதோ பாப்பம்." கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "அவரின்ரை பாதிக்கு என்ன விலையோ, நான் பாங்கிலை கதைச்சு எடுத்துக் குடுக்கிறன். ஒரு குறோணர் குறைக்க மாட்டன். துரொண்ட்ஹெய்முக்கு ரயில் நாலு மணிக்கு இருக்கு. அதுக்கு முதல் வீட்டுத் திறப்பை இந்த மேசையிலை வைக்கச் சொல்லுங்கோ."

குரல் நோர்வேஜிய மொழியில் அதைச் சொல்லி முடித்தது. கடைசிச் சொல்லில் மட்டும் அது கொஞ்சம் தடுமாறியது போல மார்க்கஸுக்குப் பட்டது.

ஞானசேகரம் சுற்றிலும் பார்த்தார். ரிஷிகேசன் தரையைப் பார்த்தார். தோர்கில் ஜன்னலைப் பார்த்தார். அஜந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்.

காற்சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவி வெளியே வந்தது. கமலேஸ்வரி அதை எடுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, அப்போதுதான் அழத் தொடங்கினார்.